குறைமாசப் பிள்ளை வீட்டுக்கு வருதா? மொதல்ல சமையல் யாரு பாக்குறாங்கன்னு முடிவு பண்ணுங்க

எங்க பாப்பா எட்டாம் மாசத்துலயே வந்துட்டா. 32 வாரம், எடை 1 கிலோ 420 கிராம். என் வீட்டுக்காரிக்கு பிபி ஏறிப்போயி, இனிமே உள்ள வச்சிருந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்துன்னு சொல்லி ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. இப்ப பாப்பா வீட்டையே ரெண்டாக்கிட்டு திரியுறா, அது வேற கதை. ஆனா அதுக்கப்புறம் சொந்தத்துல, தெரிஞ்ச வட்டத்துல எங்க குறைமாசப் பிள்ளை பொறந்தாலும் யாராவது என் நம்பர வாங்கி பேசிடுறாங்க. எவ்வளவு நாள் இன்குபேட்டர் பெட்டியில வச்சீங்க, என்ன செலவாச்சு, பின்னாடி ஏதும் பிரச்சனை வராதுல்லன்னு வரிசையா கேப்பாங்க. நான் திருப்பிக் கேக்குறது ஒன்னுதான், உங்க வீட்ல இப்ப சமையல் யாரு பாக்குறா?

பிள்ளை அங்க கெடக்கு, இவன் சோத்தப் பத்தி கேக்குறானேன்னு சிலருக்கு கோவம் கூட வந்திருக்கு. இருக்கட்டும், காரணத்த சொல்றேன்.

குறைமாசப் பிள்ளைய நெஞ்சோட வச்சு சூடு குடுக்குறதுக்கு ஆஸ்பத்திரில கேஎம்சி, அதாவது கங்காரு மதர் கேர்னு பேரு, அந்த கங்காரு முறைய விளக்க ரெண்டு நிமிஷம் போதும். டயப்பர், தொப்பி, சாக்ஸ் தவிர பிள்ளை மேல வேற துணி இருக்கக்கூடாது, அம்மாவோட வெறும் நெஞ்சுல ரெண்டு மார்புக்கும் நடுவுல நேரா நிமித்தி வச்சு ஒரு துணியால சேத்துக் கட்டிக்கணும், அவ்வளவுதான். இதுல புரியாததுன்னு எதுவும் இல்ல. கஷ்டமெல்லாம் நேரத்துலதான். உலக சுகாதார நிறுவனம் 2022ல சொன்ன கணக்குப்படி குறைமாசப் பிள்ளைக்கும் எடை குறைஞ்ச பிள்ளைக்கும் இத ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துலேந்து 24 மணி நேரம் வரைக்கும், முடிஞ்ச அளவுக்கு கூடுதலா செய்யணும். எட்டுங்கிறது கம்மிக்கும் கம்மி. வயித்துல தையலோட, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா பாலும் பீச்சிக்கிட்டு ஒரு பொண்ணு எட்டு மணி நேரம் பிள்ளைய நெஞ்சுல போட்டு சாஞ்சிருக்கணும்னா அவளோட சாப்பாடு, துணிமணி, மூத்த பிள்ளை இருந்தா அதோட ஸ்கூலு, பிள்ளை பாக்க வர்றவங்களுக்கு டீ, இது அத்தனையையும் வேற யாரோ எடுத்துச் செய்யணும். செய்ய ஆள் இல்லேன்னா அந்த எட்டு மணி நேரம் ஒன்னரை மணி நேரமா சுருங்கிடும். பல வீட்ல அப்படித்தான் சுருங்குது, நான் கண்ணால பாத்தது.

எங்களுக்கு ஆரம்பமே வேற மாதிரி அமைஞ்சுது. பாப்பா பச்சப்புள்ளைங்க வார்டுல மூச்சுக்கு காத்து தள்ளுற சிபாப் குழாய மூக்குல மாட்டி கெடந்தா, அவங்க அம்மா பிபி குறையாம வேற மாடியில ஐசியுல. டாக்டரம்மா என்னக் கூப்பிட்டு, அம்மா எந்திரிச்சு வர்ற வரைக்கும் நீங்க போடுங்கன்னாங்க. எனக்கு மொதல்ல எதைன்னே புரியல. நான் டூவீலர் மெக்கானிக், நகக்கண்ணுல எப்பவும் கிரீஸ் இருக்கும், ஒன்னரை கிலோ கூட இல்லாத பிள்ளைய இந்தக் கையால எப்படிங்கன்னு கேட்டேன். பக்கத்துல நின்ன சிஸ்டர் அசரல, நகத்த ஒட்ட வெட்டிட்டு முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு தேச்சுட்டு வாங்க தம்பி, கிரீஸ் போகலன்னா இன்னொரு தடவ தேய்ங்கன்னுட்டாங்க.

அப்பாமார் எல்லாருக்கும் இருக்குற சந்தேகத்தையும் நானும் கேட்டேன், நெஞ்சுல முடி இருக்கே. பரவாயில்ல, ஷேவ் பண்ண வேண்டாம், தோல் சுத்தமா புண்ணு கிண்ணு இல்லாம இருந்தா போதும்னாங்க. குளிச்சிருக்கணும், பவுடரு சென்ட்டு கூடாது, செயினு, மோதிரம், வாட்ச், கையில கட்டுன கயிறு எல்லாம் கழட்டிடணும். பொம்பளைங்களுக்கு தாலி ஒரு பிரச்சனை, கழட்ட மாட்டாங்க, அதுக்கு வார்டுல எல்லாரும் செய்யுறது தாலிக்கொடிய முதுகுப் பக்கம் தள்ளி விட்டு பின்னால ஜாக்கெட்டோட ஒரு ஊக்கு குத்திக்கிறது. முன்னாடி திறக்குற நைட்டிதான் வசதி. ஆம்பளைங்களுக்கு பட்டன் வச்ச சட்டை, பனியன் வேண்டாம்.

பிள்ளைய வைக்கிற விதத்துல நாலஞ்சு விஷயம் இருக்கு, இத மட்டும் பக்கத்துல ஆள் இருக்கும்போது செஞ்சு பாத்து கத்துக்கிடணும், வீடியோ பாத்து மட்டும் செய்யாதீங்க. பிள்ளை நேரா நிக்கிற வாக்குல, நெஞ்சு நம்ம நெஞ்சோட. தல ஒரு பக்கமா திரும்பி, தாடை லேசா மேல தூக்குன மாதிரி இருக்கணும். தாடை போயி நெஞ்சுல முட்டுனா மூச்சுக்குழாய் மடங்கும், ரொம்ப பின்னால சாஞ்சாலும் ஆகாது. கையும் காலும் மடங்கி தவளை மாதிரி விரிஞ்சிருக்கும், பிள்ளை வயிறு நம்ம மேல்வயித்து மட்டத்துல வரும். கட்டுற துணியோட மேல் விளிம்பு பிள்ளையோட காதுக்குக் கீழ வரைக்கும், இறுக்கம் நெஞ்சுப் பக்கம்தான் இருக்கணும், வயித்துப் பக்கம் லூசா விடணும், ஏன்னா இந்த வயசுல பிள்ளைங்க வயித்த அசைச்சுதான் மூச்சு விடுதுங்க. நாம எந்திரிச்சு நின்னா பிள்ளை கீழ சரியக்கூடாது, அந்த அளவு இறுக்கம்.

துணிக்கு ஆன்லைன்ல கங்காரு பேக்னு ஆயிரக்கணக்குல விக்குறான். எங்களுக்கு வார்டுல ஒரு பைண்டர் குடுத்தாங்க, வீட்டுக்கு வந்தப்புறம் அப்பத்தாவோட பழைய நூல் சேலைய கிழிச்சு அகலமா கட்டுனோம், அதுவே நல்லா நின்னுச்சு.

இன்னொன்னு, பிள்ளை முகம் நமக்கு சரியா தெரியாது, தலையோட உச்சிதான் தெரியும். சின்னக் கண்ணாடி ஒன்னு கையில வச்சுக்கங்க, இல்ல போன்ல செல்பி கேமராவ ஆன் பண்ணி மூக்கும் வாயும் துணியில மூடாம இருக்கா, உதட்டு நிறம் எப்படி இருக்குன்னு அப்பப்ப பாத்துக்கலாம். போனுக்கு வார்டுல எனக்குத் தெரிஞ்சு உருப்படியான ஒரே உபயோகம் இதுதான்.

ஒரு தடவ எடுத்து வச்சா ஒரு மணி நேரத்துக்குக் கம்மியா எடுக்காதீங்கன்னு சிஸ்டர் கண்டிஷனா சொல்லிட்டாங்க. எடுத்து எடுத்து மாத்துறதே பிள்ளைக்கு அலுப்பு, ஒவ்வொரு தடவ மாத்தும்போதும் உடம்பு சூடும் இறங்கும். அதனால ஒன்னுக்கு போயிட்டு, தண்ணி குடிச்சிட்டு, கடைப்பையன்கிட்ட பேச வேண்டியதெல்லாம் பேசி முடிச்சிட்டு உக்காருங்க. நான் மொத தடவ உக்காந்தப்ப மானிட்டரையே பாத்துக்கிட்டு இருந்தேன், ஓடிக்கிட்டே இருந்த இதயத்துடிப்பு நம்பரு கொஞ்ச நேரத்துல ஒரு நெலைக்கு வந்துச்சு. நம்ம நெஞ்சு ஏறி இறங்குறது பிள்ளைக்கு மூச்ச ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கும், குறைமாசப் பிள்ளைங்க திடீர்னு மூச்சு விட மறந்துடுமே, அது இப்படி வைக்கும்போது குறையும்னு சிஸ்டர் சொன்னாங்க.

ஊர்ல எல்லாரும் கேட்டது, நம்ம ஊரு வெயிலுக்கு பிள்ளைக்கு எதுக்குப்பா கதகதப்புன்னு. எங்க ஊரு மலை அடிவாரம், அப்ப மார்கழி, குளிர் இருந்துச்சுதான், ஆனா சித்திரையா இருந்தாலும் பதில் ஒன்னுதான். வயித்துக்குள்ள 37 டிகிரில இருந்த பிள்ளை ஈரத்தோட 28 டிகிரி ரூமுக்கு வருது, அதுக்கு அது குளிருதான். ஈரம் காயுறதுல சூடு போகும், குளிர்ந்த தராசு மேல, ரெக்சின் மெத்தை மேல வச்சா அது வழியா போகும், ஃபேன் காத்துல போகும், பக்கத்துல குளிர்ந்த சுவரோ ஜன்னலோ இருந்தா தொடாமலே அது பக்கமா போகும். பெரியவங்களுக்கு குளிருனா உடம்பு நடுங்கி சூட்ட உண்டாக்கும். பச்சப்புள்ளைக்கு அந்த நடுக்கம் வராது, அதுக்குன்னு தோள்பட்டைக்கு நடுவுல, கிட்னிய சுத்தி பழுப்புக் கொழுப்புன்னு ஒன்னு இருக்கு, அத எரிச்சுதான் சூடு பண்ணிக்கும். அந்தக் கொழுப்பு சேருறதே கடைசி மூணு மாசத்துல. எட்டாம் மாசத்துல வந்த பிள்ளைக்கு கையிருப்பே இல்ல. தோலும் மெல்லிசு, எடைக்கு தோல் பரப்பு ஜாஸ்தி. குளிருல கெடந்தா குடிச்ச பால்ல இருக்குற சத்தும் உள்ள இருக்குற சர்க்கரையும் சூடு பண்ணவே செலவாகும், எடை ஏறாது, சோந்து போயி பால் இழுக்காது, இழுக்கலன்னா இன்னும் குளிரும். எடை ஏறல ஏறலன்னு புலம்புற பாதிப் பேரு பால கூட்டத்தான் பாக்குறாங்க, பிள்ளை குளிருல இருக்கான்னு தொட்டுப் பாக்குறதில்ல.

தொட்டுப் பாக்குறது சுலபம். புறங்கையால வயித்தத் தொடுங்க, அப்புறம் பாதத்தத் தொடுங்க. ரெண்டும் கதகதன்னு இருந்தா சரி. வயிறு சூடா இருந்து பாதம் சில்லுன்னு இருந்தா குளிரு தாக்க ஆரம்பிச்சிருச்சு, உடனே நெஞ்சுல போடணும். வயிறும் சில்லுன்னு இருந்தா அது ஆபத்து, நெஞ்சுல போட்டுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும். கூடவே டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்னு வாங்கி வச்சுக்கங்க, அக்குள்ல வச்சுப் பாத்தா 97.7லேந்து 99.5 டிகிரிக்குள்ள இருக்கணும், செல்சியஸ்ல 36.5லேந்து 37.5.

பெட்டியே இருக்கும்போது எதுக்கு நெஞ்சுலன்னு என் மச்சான் கேட்டான். இந்த முறையே பெட்டி பத்தாத ஊர்ல பொறந்ததுதான். கொலம்பியா நாட்டுல போகோட்டாவுல ஏழை ஜனங்க போற பிரசவ ஆஸ்பத்திரி, ஒரு இன்குபேட்டர்ல ரெண்டு மூணு பிள்ளைங்கள சேத்து வைக்கிற நெலம, ஒன்னுக்கு வந்த கிருமி எல்லாத்துக்கும் தொத்தும். 1978ல அங்க எட்கார் ரேன்னு ஒரு டாக்டர் அம்மாமார் நெஞ்சுலயே வைங்கன்னு ஆரம்பிச்சாரு, அடுத்த வருஷம் ஹெக்டர் மார்ட்டினஸ்னு இன்னொரு டாக்டரும் சேந்துக்கிட்டாரு. ஏழைங்களுக்கான மாத்து ஏற்பாடுன்னு ரொம்ப வருஷம் இத கீழாத்தான் பாத்தாங்க. இப்ப பணக்கார நாட்டு ஆஸ்பத்திரிலயும் செய்யுறாங்க.

எனக்கு மனசுல நின்ன ஆராய்ச்சி 2021ல வெளியானது. டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் ஆப்பிரிக்காவுல கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாட்டு ஆஸ்பத்திரிகளும் சேந்து 3,211 பிள்ளைங்கள வச்சு பாத்தாங்க, எல்லாம் ஒரு கிலோவுக்கு மேல 1.8 கிலோவுக்குள்ள. அதுவரைக்கும் பிள்ளை ஓரளவு தேறுனப்புறம்தான் நெஞ்சுல வைப்பாங்க. இதுல ஒரு பாதி பிள்ளைங்களுக்கு பொறந்த உடனேயே ஆரம்பிச்சாங்க, அதுக்காக அம்மா கட்டிலையே ஐசியுக்குள்ள கொண்டுவந்து போட்டாங்க. 28 நாளைக்குள்ள இறந்தது பழைய முறைல 15.7 சதவீதம், உடனே ஆரம்பிச்சதுல 12 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவா இருந்ததால ஆராய்ச்சியவே பாதில நிறுத்திட்டாங்க, இனி எல்லாருக்கும் செய்யலாம்னு. இதுல நான் பாத்தது வேற ஒரு நம்பர். உடனே ஆரம்பிச்ச பிள்ளைங்க ஐசியுல ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 17 மணி நேரம் நெஞ்சுல இருந்திருக்கு, மத்த பிள்ளைங்க ஒன்னரை மணி நேரம். பதினேழு மணி நேரம் ஒரு பொம்பள தனியா செய்ய முடியுமா? அங்கயும் அம்மாவுக்கு மாத்தா பாட்டியோ அத்தையோ யாராவது கூட இருந்திருக்காங்க.

மறுபடி சமையலுக்கே வந்துட்டேன் பாருங்க.

ஆம்பள வார்டுக்குள்ள உக்காருறதுல சங்கடம் இருக்கு, மறைக்க வேண்டியதில்ல. சுத்தி பால் குடுக்குற அம்மாமார், நான் சட்டை பட்டன கழட்டிட்டு உக்காந்திருக்கேன், வாசல்ல இருக்குற அம்மா என்ன ரெண்டு மூணு தடவ வெளிய போகச் சொல்லிட்டாங்க, அப்புறம் சிஸ்டர் ஒரு மூலைல ஸ்கிரீன் வச்சுக் குடுத்தாங்க, பகல்ல மட்டும். ராத்திரி ஆம்பளைக்கு அனுமதி இல்ல. உங்க ஆஸ்பத்திரிலயும் அப்படித்தான் இருக்கும்னா சண்டை போட்டு நேரத்த வீணாக்காதீங்க, பகல் ஷிஃப்ட் உங்களுக்கு, ராத்திரிக்கு ஒரு பொம்பள ஆள முதல் நாளே ஏற்பாடு பண்ணிடுங்க. எங்களுக்கு அம்மாச்சி, அதாவது என் மாமியாரு. அத்தைக்கு வயசு அம்பதுக்கு மேல, ஆனா ராத்திரில என்ன விட உறுதியா உக்காந்தாங்க. பாட்டி நெஞ்சுல வச்சா சூடு வருமான்னு சந்தேகப்படுறாங்க, ஆரோக்கியமா இருக்குற எந்தப் பெரிய ஆளோட உடம்புலயும் சூடு வரும். சளி, காய்ச்சல், தோல் வியாதி இருக்கக்கூடாது, பீடி சிகரெட் குடிக்கிற ஆளு வேண்டாம்.

பாப்பாவோட அம்மா ஐசியுலேந்து வந்து மொத தடவ நெஞ்சுல வாங்குனப்ப அழுகல, சிரிக்கல, இவ்வளவுதானா எடைன்னு மட்டும் கேட்டா. அதுவரைக்கும் பீச்சுனா பால் புகட்டுற பாலாடைக் கிண்ணத்துல அடி நனையுற அளவுதான் வரும், பாப்பா நெஞ்சுல இருக்க இருக்க ரெண்டு மூணு நாள்ல அளவு கூடிருச்சு. இது எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா பிள்ளைய நெஞ்சுல வச்சிருந்துட்டு உடனே பீச்சுனா நல்லா இறங்குதுன்னு வார்டுல பல அம்மாமார் சொன்னாங்க. பால் சுத்தமா இல்லாதவங்க பெரிய அரசு ஆஸ்பத்திரில தாய்ப்பால் வங்கி இருக்கான்னு கேளுங்க, பவுடர் பாலுக்கு முன்னாடி அத கேக்கணும்.

பாலாடையப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம வீட்டு சங்கும் பாலாடையும்தான் இந்தப் பிள்ளைங்களுக்கு பால் புட்டிய விட நல்லது, புட்டி கழுவுறது கஷ்டம், கிருமி தங்கும், அப்புறம் பிள்ளை மார்பு பிடிக்கவும் குழம்பும். பிள்ளைய நிமித்தி வச்சு, பாலாடை மூக்க உதட்டு ஓரத்துல வச்சு சொட்டுச் சொட்டா விடணும், முழுங்குனத பாத்துட்டு அடுத்தது. மல்லாக்க போட்டு ஊத்துற பழக்கம் பெரியவங்ககிட்ட இருக்கு, புரை ஏறிடும். பீச்சுன பால் சுத்தமான மூடி போட்ட பாத்திரத்துல வெளிய நாலு மணி நேரம் இருக்கலாம், ஃபிரிஜ்ல வச்சா ஒரு நாள்.

வீட்டுக்கு அனுப்புனப்ப 1 கிலோ 800 தாண்டியிருந்தா. நிஜமான வேலை அங்கதான் ஆரம்பம். ஹரியானாவுல கிராமத்து வீடுகள்ல எடை குறைஞ்ச பிள்ளைங்களுக்கு வீட்லயே இந்த முறைய சொல்லிக்குடுத்து பாத்த ஒரு பெரிய ஆராய்ச்சி 2019ல வந்துச்சு, எட்டாயிரத்துக்கு மேல பிள்ளைங்க, முதல் மாசத்துல இறப்பு 30 சதவீதம் குறைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியும் இல்ல மெஷினும் இல்ல, வீட்டுப் பொம்பளைங்கதான். அதனால டிஸ்சார்ஜ் ஆயிட்டோம்ல, இனி தொட்டில்ல போடலாம்னு விட்றாதீங்க.

வீட்ல வந்த பஞ்சாயத்து குளியல்தான். என் அம்மா பத்து பிள்ளைய கால்ல போட்டு குளிப்பாட்டுன ஆளு, வந்த மறுநாளே எண்ணெய் காய்ச்சி, வெந்நீர் போட்டு, சாம்பிராணி தயார். நெறமாசத்துல பொறந்த பிள்ளைக்கே 24 மணி நேரம் கழிச்சுதான் குளியல்னு சொல்றாங்க, இவளுக்கு எடை ரெண்டு ரெண்டரை கிலோ வர்ற வரைக்கும் துடைச்சா போதும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. நான் சொன்னா எங்கம்மா கேக்காது. "நீ என்னடா வைத்தியனா"ன்னு ஒரே கேள்வி. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து பிள்ளைய தூக்கிப் பாத்தப்ப அவங்ககிட்ட சொல்லச் சொன்னேன். அவங்க ரொம்ப சாமர்த்தியம், குளிப்பாட்டாதீங்கன்னு சொல்லவே இல்ல, "அப்பத்தா, நீங்க நெஞ்சுல போட்டுக்காட்டுங்க பாப்போம்"னு ஜாக்கெட் ஊக்க கழட்டச் சொல்லி பிள்ளைய வச்சுட்டாங்க. அரை மணி நேரத்துல பிள்ளை தூங்கிருச்சு. அதுக்கப்புறம் எங்கம்மா யாரையும் பிள்ளைய குளிப்பாட்ட விடல, குளிரும்னு அதுவே சொல்ல ஆரம்பிச்சிருச்சு. வீட்ல மூத்த பொம்பளைகிட்ட வாதாடுறத விட ஒரு ஷிஃப்ட் குடுத்துப் பாருங்க.

சாம்பிராணிப் புகை, கட்டிலுக்கு அடில கரி நெருப்பு வைக்கிறது, வெந்நீர் பாட்டில பக்கத்துல போடுறது, இந்த மூணும் வேண்டவே வேண்டாம். புகை நுரையீரலுக்கு ஆகாது, பாட்டில் தோல பொசுக்கிடும், பிள்ளைக்கு அழக்கூட தெம்பு இருக்காது. நெஞ்சு அதிகமா சுடாது, அதுதான் அதோட நல்லது, அம்மா நெஞ்சோட சூடு பிள்ளையோட தேவைக்கு ஏத்த மாதிரி கூடிக் குறையுறதையும் அளந்து பாத்திருக்காங்க.

எங்க வீட்ல ஓடுன முறை இதுதான். காலைல எங்கம்மா சமையல், அந்த நேரம் பிள்ளை அவங்க அம்மாகிட்ட. அவ குளிக்க, சாப்பிட, கண்ணசர பத்து மணிலேந்து ரெண்டு மணி வரைக்கும் அத்தை. நான் கடைய அஞ்சு மணிக்கே சாத்திட்டு வந்து குளிச்சு ஆறுலேந்து பத்து. வேலை பாதியா போச்சு, நாலு கஸ்டமர் வேற கடைக்கு போயிட்டாங்க. ராத்திரி பாப்பாவோட அம்மா. சுவத்துல தலகாணி ரெண்டு மூணு அடுக்கி பாதி சாஞ்ச வாக்குல, சாய்வு நாற்காலி இருந்தா இன்னும் நல்லது. மட்டமா படுக்கக்கூடாது, கட்டாம வெறுமனே நெஞ்சுல போட்டுட்டு சோஃபால தூங்குறது ரொம்ப ஆபத்து, பிள்ளை சரிஞ்சு இடுக்குல மூக்கு அடைஞ்சுடும். கட்டியிருந்தாலும் ராத்திரில பக்கத்துல ஒரு ஆள் முழிச்சிருக்கணும், அந்த ஆளு நாங்க மாத்தி மாத்தி. ஒரு நோட்டுல யாரு எத்தனை மணிலேந்து எத்தனை வரைக்கும்னு எழுதி வச்சோம். எழுதலேன்னா எல்லாருக்கும் பிள்ளை நாள் பூரா நெஞ்சுலயே இருந்த மாதிரிதான் தோணும், கூட்டிப் பாத்தா அஞ்சு மணி நேரம் கூட இருக்காது.

பாக்க வந்தவங்கள வாசல்லயே வச்சுப் பேசி அனுப்பிச்சேன். கோவிச்சுக்கிட்டாங்க. பதினாறாம் நாள் விசேஷத்தையும் தள்ளி வச்சோம். யாராவது ஏதாவது செய்யணும்னு கேட்டா ஒரு வேளை குழம்பு செஞ்சு குடுத்து விடுங்கன்னு சொல்லிடுங்க, கவுன் சட்டை வேண்டாம், அந்த எடைக்கு எந்த சட்டையும் சேராது.

பயப்பட வேண்டிய நேரம் எதுன்னும் தெரிஞ்சு வச்சுக்கணும். உதடு, நாக்கு நீலமாகுறது, மூச்சு 20 செகண்ட் நிக்கிறது, நெஞ்சுக்கூடு உள்வாங்கி இழுக்கிறது, முனகல், பால் குடிக்காம துவண்டு போறது, வலிப்பு வர்றது, நெஞ்சுல ஒரு மணி நேரம் வச்சும் உடம்பு சூடாகாதது, இல்ல காய்ச்சல். மூச்சு நின்னா முதுகையும் உள்ளங்காலையும் தேய்ங்க, 108க்கு போன் போடுங்க, கொண்டுபோறப்பவும் நெஞ்சுலயே கட்டிக்கிட்டு போங்க, வண்டில பிள்ளை குளிர்ந்து போறதுதான் பெரிய ஆபத்து.

ரெண்டரை கிலோ வரும்போது அவளே நிறுத்திட்டா. கால உதைச்சு, கைய வெளிய இழுத்து, வேர்த்து, அழுது, கட்டுக்குள்ள நிக்க மாட்டேன்னுட்டா. அப்படி நெளிய ஆரம்பிச்சா கட்டாயப்படுத்த வேண்டாம்.

கண் டெஸ்ட் மட்டும் மறந்துடாதீங்க. 34 வாரத்துக்கு முன்ன பொறந்தாலோ ரெண்டு கிலோவுக்குக் கம்மியா இருந்தாலோ பொறந்து 30 நாளைக்குள்ள விழித்திரைய பாத்தாகணும், பிள்ளை நல்லா முழிச்சுப் பாக்குதே எதுக்குன்னு தள்ளிப் போட்டா பார்வையே போற அளவுக்கு ஆகலாம், அது வெளிய தெரியாது. காது டெஸ்டும் அப்பவே கேட்டுக்கங்க. கண்ணுக்கு சொட்டு மருந்து விட்டு உக்கார வைப்பாங்க, கூட்டம் இருக்கும், ஏசி இருக்கும். அதனால நெஞ்சுல கட்டுற துணியையும் தொப்பியையும் எடுத்துட்டுப் போங்க, கூட வர்ற ஆளு பட்டன் வச்ச சட்டை போட்டுக்கட்டும்.